பூட்டி வைத்த பூங்கா ‘பயன்படாத நிலம்’ எனப் பதிவானது குறித்து

அனுப்புநர்
ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர் (பேருந்துப் பணிமனை),
தரைத்தளம், முதல் வீடு,
பூங்காவை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருப் பூங்காவை வாகன நிறுத்தமாக மாற்றும் உத்தரவை நிறுத்தி, மறு ஆய்வு செய்யக் கோருதல், முதல் ஆய்வின்போது நான் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முப்பத்தொரு வருடம் பேருந்துகளை நேரத்துக்கு அனுப்பியவன் நான். சுற்றி வளைத்து எழுத வராது. இது புகார் மனுதான். புகார் என் மேல்.

1. பூங்கா சிறியது. எட்டு மரம், நான்கு சிமெண்ட் பெஞ்சு, சுற்றிவர ஒரு நடைபாதை. ஒரு சுற்று எனக்கு மூன்று நிமிடம், என் மனைவிக்குப் பதினெட்டு நிமிடம். அவளுக்கு நடுக்குவாதம். நடையை நிறுத்தினால் அப்புறம் படுக்கைதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தெருவில் நடைபாதை கிடையாது, இருபுறமும் வண்டிகள். அவள் நடக்க இந்த ஊரில் இருப்பது இந்த ஒரே இடம்.

2. ஆறு வருடத்துக்கு முன் அது குடிகாரர்களின் கூடாரமாக இருந்தது. நாங்கள் ஐந்தாறு பேர் மண்ணைச் சலித்துக் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கினோம். தங்கள் அலுவலகம் பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்தது. சங்கம் சாவியை என்னிடம் கொடுத்தது. அதுவரை தவறில்லை.

3. இரண்டு வருடத்துக்கு முன் இரண்டாம் மாடிக் குழந்தை ஓட்டிவந்த சைக்கிள் என் மனைவி மேல் மோதியது. மணிக்கட்டு முறிந்தது. அந்தக் குழந்தை ஏங்கி ஏங்கி அழுதது. எனக்கு இரக்கம் வரவில்லை, ஐயா. மறுநாளே சைக்கிளுக்குத் தடை, பந்துக்குத் தடை, புல்லில் உட்காரத் தடை. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் பூட்டு. ஒரு நிமிடம் தாமதமாக வந்தவர்களையும் திருப்பி அனுப்பினேன். என் மனைவிக்கு மட்டும் எந்த நேரமும் கதவு திறந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வருவது நின்றது. ஊர் ஒழுங்குக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். “ஊரையே வெளிய தள்ளிட்டு நம்ம ரெண்டு பேருக்கும் தோட்டம் போட்டுக்கிட்டோம்” என்று அவள் ஒருநாள் சொன்னாள். நடக்கிற வேலையைப் பார் என்று அதட்டினேன்.

4. நான்கு மாதத்துக்கு முன், பகல் பதினோரு மணிக்குத் தங்கள் நில ஆய்வாளர் வந்தார். பூட்டைத் திறந்து நானே சுற்றிக் காட்டினேன். “எப்பவுமே இவ்வளவு சுத்தமா இருக்குமா?” என்று கேட்டார். “ஒரு ஆள் கால் வைக்க விடமாட்டேன் சார்” என்றேன். அவர் குறித்துக்கொண்டார். பாராட்டி எழுதுகிறார் என்று நினைத்துப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் வாசலில் ஒட்டிய அறிவிப்பில் இருப்பது இது: “பொறுப்பாளரே ஒப்புக்கொண்டபடி, பொதுமக்கள் எவரும் இந்நிலத்தைப் பயன்படுத்துவதில்லை.” தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை. வருகிற திங்கட்கிழமை வெட்டுவதற்காக எட்டு மரத்திலும் சிவப்புச் சாயத்தில் எண் போட்டிருக்கிறார்கள்.

5. அன்றைக்கே பூட்டை எடுத்துவிட்டேன். கதவு நாள் முழுக்கத் திறந்து கிடக்கிறது. யாரும் வரவில்லை. நேற்று தெருவிலிருந்து ஒரு பந்து உள்ளே விழுந்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். பிள்ளைகள் சிதறி ஓடிவிட்டார்கள். பந்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

6. எங்கள் குடியிருப்பின் முப்பத்தாறு வீடுகளுக்கும் இந்த மனுவுக்குக் கையெழுத்துக் கேட்டுப் போனேன். “விடுங்க சார், வண்டி நிறுத்தவாவது ஆகுமே” என்றார் சங்கச் செயலாளர். இரண்டாம் மாடித் தாய் என்னை உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். பிறகு, “அங்கிள், என் பொண்ணு இன்னைக்கும் உங்க வாசலைத் தாண்டும்போது சைக்கிளை உருட்டிக்கிட்டுத்தான் போறா. நான் எதுக்கு அங்கிள் கையெழுத்துப் போடணும்?” என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இணைத்துள்ள தாளில் இருப்பது ஒரே கையெழுத்து, என் மனைவியுடையது. எழுத்து கோணியிருப்பது நோயினால். போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

ஆகவே, திங்கட்கிழமை மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்குங்கள். எழுத்து மூலமாகவே நீக்குங்கள், அதைத் தெருவில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு மாலை நேரத்தில், என் பேச்சைக் கேட்காமல், மறு ஆய்வு செய்யுங்கள்.

வரும் நாளை மட்டும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன். நான் வெளியே நின்றால் பிள்ளைகள் உள்ளே வரமாட்டார்கள். அன்று முழுக்கச் சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருப்பேன். அந்த நேரத்தில் என் மனைவியைக் கைபிடித்து நடத்திப் போக ஒரு ஆள் வேண்டும். இரண்டாம் மாடித் தாயிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: பூங்கா வாசல்

இப்படிக்கு,
சாவி வைத்திருந்தவன்
(கையொப்பம்)

இணைப்பு: கையெழுத்துத் தாள் – ஒன்று, சாவி – ஒன்று.