வெள்ளி வள்ளம் கொடுத்து லைட் ஹவுஸ் வாங்கிய கதை

ஜூலை 2, புதன்

விடியும்போதே மழை. குடை கடையில், நான் வீட்டில். நனைந்துகொண்டே போய் பஸ் பிடித்தேன்.

மெடிக்கல் ஸ்டோரில் நிற்க நேரமில்லை. இருமல், காய்ச்சல், திரும்பவும் இருமல். பாறசாலை முழுக்க இருமுகிறது. மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் அஜிதாவும் நானும் போனை எடுத்துவிட்டோம். தீவு விளையாட்டு. அஜிதா ஒற்றசேகரமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவள், பாதி ஆட்டம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். அவளுக்கு இருபத்தேழு வயது, எனக்கு நாற்பத்தொன்று. கடையில் நான் சீனியர், தீவில் அவள்.

முடிவு எடுத்தாயிற்று. தீவில் எனக்கிருக்கும் படகை, அந்த வெள்ளி வள்ளத்தைக் கொடுத்து லைட் ஹவுஸ் வாங்குவது.

பின்னால் மனசு மாறினால் படித்துப் பார்க்கக் காரணத்தையும் எழுதி வைக்கிறேன். விளையாட்டில் ஆளுக்கொரு தீவு. அடுத்தவர் தீவில் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம்தான் நிற்கலாம், பிறகு ஓர் அலை வந்து திருப்பி அனுப்பிவிடும். லைட் ஹவுஸ் இருந்தால் இன்னொரு தீவுக்குப் பாலம் போடலாம். இஷ்டம்போல் போகலாம், வரலாம். ஆனால் அந்தத் தீவுக்காரரும் சம்மதிக்க வேண்டும். லைட் ஹவுஸ் விளையாட்டுக் கடையில் கிடையாது. விளையாட்டுக் கம்பெனி முன்பு ஒரு தடவை கொடுத்ததோடு சரி. வைத்திருக்கிற யாரிடமாவது பொருளுக்குப் பொருள் மாற்றினால்தான் உண்டு. ஈடாகக் கொடுக்க என்னிடம் இருப்பது வெள்ளி வள்ளம் ஒன்றுதான். அதையும் எவனாவது ஏமாற்றிக் கொண்டுபோனால் பாலத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

பாலம் யாருக்கு என்பது எனக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். லிஜிக்கு.

என் தங்கை. கொல்லயில் ஊரில் இருக்கிறாள், இங்கிருந்து நாலு கிலோமீட்டர். ஒன்பது மாதமாகப் பேச்சில்லை. ஆனால் தினமும் என் தீவுக்கு வருகிறாள், தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், போய்விடுகிறாள். நானும் அவள் தீவுக்குப் போய் ஊற்றிவிட்டு வருகிறேன். ஒரு வார்த்தை கிடையாது.

ஜூலை 4, வெள்ளி

மழை விடவில்லை. பூவாறில் படகுகளைக் கட்டிப் போட்டுவிட்டார்களாம். ஆகவே என் கணவர் டைட்டஸ் வேலையில்லாமல் வீட்டில். காலையில் கப்பைக்கிழங்கு அவித்தார், நன்றாகவே இருந்தது. அதற்காகப் பத்து தடவை பாராட்டு கேட்டார்.

வள்ளம் மாற்றப்போகிறேன் என்றேன்.

"எந்த வள்ளம்?"

"எனக்க வெள்ளி வள்ளம். போனுல உள்ளது."

"அது ஓடுமா?"

"ஓடாது. சும்மா நிக்கும்."

"பின்ன என்னத்துக்கு அது? என்னைய மாதிரி மழைக்கு வீட்டுல இருக்கதுக்கா?"

மனுஷன் இருபது வருஷமாகச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊரான் படகை ஓட்டுகிறார். இந்த வீட்டில் சொந்தமாக வள்ளம் வைத்திருப்பது நான் மட்டும்தான். சொன்னேன். சிரித்தார், கொஞ்சம் கழித்து.

பிறகு மெதுவாக, "லிஜிக்க நம்பர் கையில இல்லியா? ஒரு போன் போட்டா தீந்துது" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தையாக என்ன சொல்வது? 'ஹலோ'வா?

வாங்க வேண்டியது: சோப்பு, சீரகம், டைட்டஸுக்குச் செருப்பு. கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதவே வெட்கம். ஆனால் சிரிப்பும் வருகிறது.

விளையாட்டில் எங்கள் பக்கத்து ஆட்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு குழு. முக்கால்வாசி எங்கள் சபைக்காரர்கள், மீதி அஜிதா மாதிரி அக்கம்பக்கம். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு எல்லாரும் விளையாட்டுக்குள்ளே. போன வாரம் 'மீன்கொத்தி' என்ற பெயரில் வெளியூர் ஆள் ஒருவர் வந்து சேர்ந்திருந்தார். தன்னிடம் மிச்சமாய் இருக்கிற பொருள்களை ஏலம் விடப்போவதாகச் சொன்னார். ஏலம் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்குக் கை துறுதுறுத்தது.

அறுப்பின் பண்டிகைப் பழக்கம்! சபையில் கோழியை ஏலம் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார். "திருப்பி விடுங்க" என்று அங்கேயே கொடுத்துவிடுவார். மறுபடி ஏலம். ஒரே கோழி ஆறு தடவை சுற்றும், பணமெல்லாம் சபைக்கு. முதல் சுற்றிலேயே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தால் அற்பன் என்று பெயர்.

பவள நாற்காலியை நான் எடுத்தேன், விளையாட்டுக் காசான சங்கு நாற்பது கொடுத்து. எடுத்த கையோடு அவருக்கே கிஃப்டாக அனுப்பினேன். பாட்டுக்குழு ஸ்டீபன் முத்துக்கூடையை எடுத்தான், அவனும் திருப்பி அனுப்பினான். அப்படியே ஐந்து பேர். ஒவ்வொரு தடவையும் மீன்கொத்தி "நன்றி", "ரொம்ப நன்றி" என்று எழுதினார். கடைசியில் "இவ்வளவு நல்லவங்களை நான் பார்த்ததே இல்லைங்க" என்று எழுதிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறு ஏலத்துக்காக நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். கால் மணி நேரம்.

முதலில் ஸ்டீபனுக்குத்தான் விளங்கியது. மைக்கில் கத்தினான். "எலே, கொண்டு போயிட்டானே! நாம குடுத்து விட்டுட்டோமே மக்கா!"

அஜிதா விழுந்து விழுந்து சிரித்தாள். "எக்கா, கள்ளன் ஆருகிட்டயாவது பிடிச்சுப் பறிப்பான். இஞ்ச நீங்க வரிசையில நின்னு குடுத்திருக்கிய."

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. லிஜியோடு சண்டை வந்ததும் இந்தத் திருப்பி விடுகிற பழக்கத்தில்தான். போன பண்டிகைக்கு அவள் கேக் செய்து வைத்திருந்தாள். ஏலத்தில் நான்தான் எடுத்தேன். திருப்பிக் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். "எனக்கு வேண்டாம்பா, முட்டை வாடை அடிக்குது" என்று எல்லார் முன்னாலும் ஒரு தமாஷ். சபையே சிரித்தது. "நீ வீட்டுக்குக் கொண்டு போவேன்னு நெனச்சாக்கும் செஞ்சேன்" என்றாள். அன்று பேசியதுதான்.

வாடையே அடிக்கவில்லை. அதுதான் உண்மை.

ஜூலை 7, திங்கள்

காலையில் கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

நாற்காலியோடு போனது நல்லதாயிற்று, வள்ளமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அஜிதா பிடித்துக்கொண்டாள். இனி மாற்றும்போது கவனிக்க வேண்டியதை மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னாள். இங்கே ஒட்டத்தான் நினைத்தேன், பசை இல்லை. அதனால் திரும்ப எழுதுகிறேன்:

– கிஃப்ட் ஒருவழிப் பாதை. போனால் போனதுதான். மாற்றுவதெல்லாம் ட்ரேட் பெட்டியில் மட்டும். அதில் இரண்டு பேரும் பொருளை வைத்து, இரண்டு பேரும் பூட்டினால்தான் கைமாறும்.

– படத்தைப் பார்க்காதே, பெயரைப் படி. இரண்டு தடவை. கண்ணாடி போட்டுக்கொண்டு.

– எதிராளி பொருளை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் முதலிலிருந்து படி.

– பாஸ்வேர்டு, ஓடிபி எவனுக்கும் கிடையாது. கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் கிடையாது.

– அனுப்புகிற லிங்க்கைத் தொடாதே.

– அவசரப்படுத்தினால் எழுந்து போ.

– முதலில் அற்பப் பொருளில் பழகு.

கடைசியானதை உடனே செய்து பார்த்தோம். என் கிளிஞ்சலுக்கு அவள் தேங்காய். மூன்று தடவை மாற்றினோம். மூன்றாவது தடவை வேண்டுமென்றே தேங்காய்க்குப் பதில் சிரட்டையை, வெறும் கொட்டாங்கச்சியை, வைத்தாள். நான் கவனிக்காமல் பூட்டிவிட்டேன்.

"பெயரைப் படிக்கணும்ணு சொன்னேன், கேட்டியளா?"

டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள் நான். சிரட்டையில் கவிழ்ந்தேன்.

ஜூலை 9, புதன்

லைட் ஹவுஸ் வேண்டும் என்று பொது அறிவிப்பில் போட்டிருந்தேன். 'ராஜா' என்று ஒருத்தன் வந்தான். மலையாளத்தில் தேனாக எழுதினான்.

"சேச்சி, என்டெ கையில் உண்டு. வள்ளம் ஆத்யம் கிஃப்ட் செய்யு, ஞான் அப்போள் தன்னே தராம்." முதலில் நான் வள்ளத்தைக் கிஃப்டாக அனுப்ப வேண்டுமாம், உடனே அவன் தருவானாம்.

ட்ரேட் பெட்டியில் வா என்றேன். அது தனக்கு வேலை செய்யவில்லை, வேறு ஆள் காத்திருக்கிறது, பத்து நிமிஷம்தான் என்றான். பிறகு ஒரு லிங்க்.

உண்மையைச் சொல்ல வேண்டும். என் கட்டைவிரல் கிஃப்ட் பொத்தான் மேல்தான் இருந்தது. இந்த ஞாயிறே பாலம் போட்டுவிடலாம் என்ற ஆசை. சீட்டில் எழுதியது நினைவுக்கு வந்து எழுந்து போனேன். நிஜமாகவே நாற்காலியை விட்டு எழுந்து, கொல்லைப்புறம் போய், வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து அவனை பிளாக் செய்தேன்.

செய்தபின் சோறு நன்றாக இறங்கியது. என்னைப் பற்றி எனக்கே கொஞ்சம் பெருமை.

இன்றும் லிஜி வந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

மீன்கொத்தி திரும்பி வந்துவிட்டார்!

குழுவில் எழுதியிருந்தார்: "எல்லாரும் ஏன் என்னைத் திருடன்னு எழுதியிருக்கீங்க? நீங்கதானே கிஃப்ட் அனுப்புனீங்க? எங்க ஈரோட்டுப் பக்கம் ஏலம் எடுத்தா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவோங்க." ஸ்டீபன் பழக்கத்தை விளக்கினான். அவர் ஐந்து பேருக்கும் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். என் பவள நாற்காலியும் வந்துவிட்டது. பாவம், ஒரு நல்ல மனுஷனை நான்கு நாள் திட்டியிருக்கிறோம்.

அவர் தீவுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். வடக்குக் கரையில் லைட் ஹவுஸ்.

கேட்டேன். வெள்ளி வள்ளம் என்றால் தருகிறேன் என்றார். சனிக்கிழமை மதியம்.

அஜிதாவுக்குப் பிடிக்கவில்லை. "எக்கா, இது மீனுக்கு இரை குத்துன சூண்டையாக்கும். சின்னதத் திருப்பித் தந்து மனசக் கவுத்துட்டு, பெருச இழுப்பானுவ."

நல்லவனாக இருந்தாலும் ட்ரேட் பெட்டி, கள்ளனாக இருந்தாலும் ட்ரேட் பெட்டி என்றேன்.

ஜூலை 12, சனி

மழை. கடையில் ஈ காக்கை இல்லை. இரண்டு மணி. அஜிதா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள்.

பெட்டியில் வள்ளத்தை வைத்தேன். அவர் லைட் ஹவுஸை வைத்தார். கண்ணாடி போட்டுப் படித்தேன். 'லைட் ஹவுஸ் சுவர்ப்படம்' என்றிருந்தது. சுவரில் மாட்டுகிற வெறும் படம்.

"பாத்தியளா! நான் சொன்னேனில்லியா!" அஜிதா கவுண்டரில் அடித்தாள்.

ரத்து செய்தேன். அவர் எழுதினார்: "அய்யோ, மன்னிச்சுக்குங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குது. உங்களுக்குச் சந்தேகமா இருந்தா நான் லைட் ஹவுஸை முதல்ல கிஃப்டா அனுப்பிடறேன், நீங்க அப்புறம் வள்ளம் அனுப்புங்க."

ஒரு நிமிஷம் யோசித்தேன். வேண்டாம் என்று எழுதினேன். அவரை நம்பாததால் மட்டும் இல்லை. இரண்டும் என் கையில் இருக்கும்போது நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே உறுதியில்லை. வள்ளத்தின் மேல் அவ்வளவு ஆசை.

புதிதாகப் பெட்டி திறந்தோம். முதலிலிருந்து படித்தேன். லைட் ஹவுஸ். அஜிதா படித்தாள். லைட் ஹவுஸ். அவரும் நானும் பூட்டினோம். பத்து விநாடி எண்ணுகிறது. அப்போதுதானா வரவேண்டும்?

"சேச்சி, சுமய்க்குள்ள மருந்து உண்டோ?" இருமல் மருந்து கேட்டு ஒரு ஆள்.

"உண்டு, உண்டு, நில்லுங்க" என்று இரண்டு பேரும் ஒரே குரலில். அவர் பயந்துபோய் இருமலை நிறுத்திவிட்டார்.

மாறிவிட்டது. லைட் ஹவுஸ் என் பையில். வள்ளம் நின்ற துறை வெறிச்சென்று இருந்தது, கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. மீன்கொத்தி, "வள்ளம் அருமையா இருக்குதுங்க, நல்லாப் பார்த்துக்கறேன்" என்று எழுதினார். அஜிதா அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள், மூன்று எழுத்துப் பிழையோடு.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. மதியம் அயிலை மீன் குழம்பு. டைட்டஸுக்கு நாளை முதல் படகு உண்டாம், சந்தோஷமாகத் தூங்குகிறார்.

மூன்று மணிக்கு லைட் ஹவுஸை நட்டேன். பாலத்துக்கு விண்ணப்பம் அனுப்பும்போது ஒரு வரி எழுதலாம். எழுதி அழித்தவை:

சுகமா?

கோபம் தீர்ந்ததா?

நானாக்கும்.

கடைசியில் அனுப்பியது: தப்பு எனக்கதாக்கும்.

நான்கு மணி. பதில் இல்லை.

நான்கே கால். லிஜி வந்தாள். தண்ணீர் ஊற்றினாள். லைட் ஹவுஸ் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். போய்விட்டாள். வள்ளமும் போயிற்று, இனி என்ன?

ஐந்து மணி. துணி மடித்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப நிமிர்த்தினேன்.

ஐந்து பத்து. பாலம் வந்துவிட்டது! என் கரையிலிருந்து அவள் கரைவரை. லிஜி பாலத்தின் நடுவில் நிற்கிறாள். மைக் திறக்கிற சத்தம். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவள் குரல்:

"எக்கா, என்ன பாலம் போட்டிருக்க? சரிஞ்சு கெடக்கு. ஒனக்கு எதையாவது நேரா வைக்கத் தெரியுமா?"

எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம்.

"அம்புட்டு தெரிஞ்சவ நேர்ல வந்து காட்டு."

"வாறேன்."

மைக் மூடிவிட்டது. அவள் பாலத்தில் அப்படியே நிற்கிறாள், அசையவில்லை. போனை எங்கோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஐந்து முப்பத்தைந்து. வெளியே மழை பலக்கிறது. சோறு ஒரு ஆளுக்குத்தான் இருக்கும். உலையில் அரிசி போட்டாயிற்று. டைட்டஸை எழுப்ப வேண்டும். ஸ்கூட்டர் சத்தம், எங்கள் வளைவில்தான்.