நாற்பத்து மூன்றாவது சீட்டு

1951 ஜூன் 1, வெள்ளி

எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய நோட்டுப் புத்தகங்களின் அட்டைகளைக் கத்தரித்துத் திருவிருந்துச் சீட்டுகள் செய்தேன். அதன் பிறகுதான் காப்பி. பெண்கள் பக்கத்துக்கு நாற்பத்து மூன்று. பெயர், மாதம், கீழே ஒரு கோடு. கடைசியாக என் பெயர். பதினேழு வருஷமாக இந்த வரிசையில்தான் எழுதுகிறேன். இந்தச் சீட்டைச் சபையின் டீக்கனிடம் கொடுக்காமல் யாரும் ஞாயிற்றுக்கிழமை அப்பம் வாங்க முடியாது.

திருவிருந்துக்கான ஆயத்தக் கூட்டத்துக்கு முன்பே அன்னக்கிளி சீட்டு வாங்க வந்துவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சரக்கா, உங்களுக்க எழுத்து இம்புட்டு அழகா இருந்தா, மேல ஜீவபுஸ்தகம் எழுதவும் உங்களத்தான் கூப்பிடுவாவ. எனக்க பேர மட்டும் உட்டுராதீங்க" என்றாள். சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

கடைசியாகப் பூங்கனி வந்தாள், மழையில் நனைந்துகொண்டு, இடுப்பில் மகள் கிருபை. ஞானஸ்நானம் பெற்று நாலு வருஷம்தான் ஆகிறது. முதியோர் வகுப்பில் என்னிடம்தான் எழுத்துக் கற்றாள். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன். சட்டைக் கழுத்துக்குள் கறுப்புக் கயிறு. அதில் ஒரு செப்புத் தகடு.

"இது என்ன பூங்கனி?"

சேலைத் தலைப்பை இழுத்துக் குழந்தையின் கழுத்தை மூடினாள். "ஒண்ணும் கேக்காதீங்க டீச்சரம்மா."

சீட்டைக் கொடுக்காமல் அனுப்பினேன்.

ஜூன் 2, சனி

சபை ஒழுங்கில் தெளிவாக இருக்கிறது: மந்திரம், தகடு, கயிறு ஆகியவற்றைக் கண்டவர் போதகரிடம் சொல்ல வேண்டும். கண்டவள் நான். காலையில் போதகர் செல்வதாஸ் ஐயரிடம் சொன்னேன். "நீங்க சொன்னா பின்ன விசாரிக்கவே வேண்டாம், டீச்சர்" என்றார். ஆனாலும் மாலையில் கமிட்டி கூடியது.

பூங்கனி குழந்தையோடு நின்றாள். பக்கத்தில் அவள் புருஷன் ஏசுஅடிமை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தான்.

"நீதான் கெட்டினியா?" என்று ஐயர் கேட்டார்.

"கொச்சுக்க கழுத்துல கெடந்துது ஐயா. நான் அறுக்கல்ல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. கெட்டினது நீதான?"

தலையைக் குனிந்துகொண்டாள். ஏசுஅடிமைதான் கத்தினான்: "எனக்க வீட்டுல இனி எவளாவது மந்திரம், கயிறுன்னு போனா, பெத்தவளா இருந்தாலும் வெளியில எறக்கி உடுவேன்!" அவன் தாய் நாகம்மை ஞானஸ்நானம் பெறாதவள். அதே வீட்டில்தான் இருக்கிறாள்.

ஆறு மாதம் திருவிருந்து இல்லை. ஆராதனையில் பின்னால் பாயில் இருக்க வேண்டும். கயிற்றை அங்கேயே அறுக்கச் சொன்னார்கள். கத்தி இல்லை. பூங்கனி குனிந்து பல்லால் கடித்து அறுத்தாள். கழுத்தில் அம்மாவின் மூச்சு பட்டதும், கிருபை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

ஜூன் 3, ஞாயிறு

நாற்பத்திரண்டு சீட்டுகள் திரும்பி வந்தன. அவளுடையது என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

ஜூன் 17, ஞாயிறு

பெண்கள் வகுப்பில் இன்று நான் பேசியது, சிலுவை சுமப்பதைப் பற்றி. மனப்பூர்வமாகக் கீழ்ப்படிகிறவனே சீஷன், பயத்தால் கீழ்ப்படிகிறவன் அடிமை என்று சொன்னேன். நன்றாகவே பேசினேன். எல்லோரும் சொன்னார்கள். பூங்கனி பின்னால் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தது.

ஜூலை 9, திங்கள்

கிருபைக்கு மறுபடியும் காய்ச்சல். மூச்சு இழுக்கிறதாம். மிஷன் ஆஸ்பத்திரிக்கு வில்வண்டியில் கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஜெபித்தேன்.

ஜூலை 12, வியாழன்

போய்விட்டது. மூன்று வயதுகூட ஆகவில்லை.

ஜூலை 13, வெள்ளி

அடக்கம் முடிந்தது. சபை ஒழுங்கின் தண்டனைக்குள் இருக்கிறவர்கள் வீட்டுச் சாவுக்குக் கோயில் மணி அடிப்பதில்லை. உடலைக் கோயிலுக்குள் கொண்டு வருவதும் இல்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்கு. செல்வதாஸ் ஐயர் முகம் வெளுத்திருந்தார். ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, தன் குடையைப் பெட்டிக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்தார். அவரைக் கல்மனதுக்காரர் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

ஊர்வலம் கோயிலைத் தாண்டும்போது பூங்கனி மணிக்கூண்டை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். நான் அதன் அடியில்தான் நின்றிருந்தேன். கயிறு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தது.

எட்டிப் பிடிச்சிருக்கலாம். ஒரு தடவை இழுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? யாரு என்னை என்ன செஞ்சிருப்பாவ? சட்டம், சட்டம்னு... ஒரு கொச்சுக்காக ஒரு மணி அடிக்க முடியாத கை, என்ன கை இது?

ஜூலை 21, சனி

பூங்கனியைப் பார்க்கப் போனேன். அவள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். நாகம்மை மட்டும் தனியாக அடுப்படியில் இருந்தாள். பாயைத் தட்டிப் போட்டாள். உட்கார்ந்தேன்.  அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான்தான் கெட்டுனேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கொச்சு கண்ணு தொறக்காமக் கெடந்துது டீச்சரே. அவ தண்ணி கோரப் போன நேரத்துல கெட்டுனேன். வந்து பாத்தா, அறுக்கணும்னு நின்னா. நான் அவளுக்க காலப் புடிச்சேன். காய்ச்சல் விடுற வரைக்கும் கெடக்கட்டும் மக்களேன்னு அழுதேன். உட்டுட்டா. பொறவு நீங்க கண்டிய. கமிட்டியில நான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மகன் என்ன அன்னைக்கே வெளியில எறக்கியிருப்பான். அவ சொல்லல்ல."

அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள்.

"கயிறு அறுத்து நாப்பது நாளு. அதனாலதான் போச்சுன்னு நான் நினைக்கியேன். நீங்க இல்லைன்னு சொல்லுவிய. போட்டும். எனக்கு ஒண்ணுதான் கேக்கணும். எனக்காக இவ கெட்ட பேரு சொமந்தா. உங்களுக்க சாமி இதத்தான் சொல்லிக் குடுத்துதா?"

பி.ஏ. படித்திருக்கிறேன், இருபது வருஷம் வேதம் கற்பித்திருக்கிறேன். அடுப்பிலிருந்து வந்த புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூலை 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் பூங்கனியைக் கிணற்றடியில் பிடித்தேன். எனக்குத் தெரியும் என்றேன். இன்றைக்கே ஐயரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

பயந்துபோய் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் டீச்சரம்மா. சொன்னா கெழவி எங்க போவும்? அதுக்கு வேற ஆளில்ல. ஆறு மாசம்தான? நான் பாயில இருந்துக்கிடுதேன்."

"கஷ்டமாக இல்லையா?"

"கஷ்டந்தான். அப்பம் குடுக்கும்போ தலையக் குனிஞ்சுக்கிடுவேன். முந்தி மடியில கிருபை இருந்தா. அவளப் பாத்துக்கிட்டு இருந்துருவேன். இப்போ கைய எங்க வைக்கணும்னு தெரியல்ல." பிடித்திருந்த என் கையை விட்டாள். "நீங்கதான சொன்னிய, நாமளாச் சொமந்தாத்தான் அது சிலுவைன்னு? எனக்கு அது அன்னைக்கு நல்லா விளங்குச்சு."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என் பேச்சு அவளுக்கு விளங்கியிருக்கிறது. பேசியவளுக்கு?

ஆகஸ்ட் 5, ஞாயிறு

திருவிருந்து. வரிசையில் எல்லோருக்கும் முன்னால் நான். அப்பம் நாக்கில் கரையவில்லை.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

காரணத்தைச் சொல்லாமல் ஐயரிடம் கேட்டுப் பார்த்தேன், பூங்கனியின் காலத்தைக் குறைக்கலாகாதா என்று.

"நீங்களே கொண்டுவந்த காரியம், டீச்சர். இப்போ நீங்களே எடுக்கச் சொன்னா, படிச்சவங்க பேச்சுக்குச் சட்டம் வளையுதுன்னு ஆகாதா? கொச்சு போனது எனக்கும் தாங்கல்ல. ஆனா அந்தப் பிள்ள முணுமுணுக்காம வந்து இருக்கா பாருங்க. அவளுக்க கீழ்ப்படிதல் சபைக்கே ஒரு சாட்சி. அதக் கெடுத்துராதீங்க."

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரியாது.

ஆகஸ்ட் 22, புதன்

பழைய கடிதப்பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். சென்னையில் படித்து முடித்தபோது, என்னை மணக்கக் கேட்டவரின் கடிதம் இன்னும் கிடக்கிறது. "நம் சபைக்குப் படித்த பெண் வேண்டும், திரும்பி வா" என்று அப்பா எழுதினார். வந்தேன். எல்லோரும் அர்ப்பணிப்பு என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். இன்று யோசித்துப் பார்க்கிறேன். அப்பாவை எதிர்த்து ஒரு வரி எழுதப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு மிஷனின் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுக்கு, பிறகு ஐயருக்கு, பிறகு ஒழுங்குப் புத்தகத்துக்கு. சொன்னதைச் செய்வது எனக்கு ஒருநாளும் கடினமாக இருந்ததில்லை. செய்துவிட்டால் நல்லவள் என்ற பெயர் கிடைத்தது. பூங்கனிக்குக் கிடைத்தது கெட்ட பெயர். அதையும் வேண்டித்தான் வாங்கிக்கொண்டாள்.

நாற்பத்தைந்து வயதாகிறது. ஆண்டவருக்காக என்று நானாக எதையாவது இழந்திருக்கிறேனா? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆகஸ்ட் 31, வெள்ளி

காலையில் அட்டை கத்தரித்தேன். மழை இல்லை. கூரைக்குமேல் மலை தெளிவாகத் தெரிந்தது.

பெயர்களை வழக்கமான வரிசையில் எழுதிக்கொண்டு வந்தேன். அன்னக்கிளியின் பெயரை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். நாற்பத்தொன்று. எண்ணிக் கட்டி வைத்தாயிற்று. ஒரு துண்டு மீந்தது. அதில் எதுவும் எழுதாமல், வேதாகமத்துக்குள் பூங்கனியின் ஜூன் மாதச் சீட்டோடு சேர்த்து வைத்தேன்.

மாலையில் அன்னக்கிளி வந்து கட்டை அவிழ்த்துத் தன் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டாள். "எப்பவும் எனக்கது உங்களுக்கதுக்கு மேலதான இருக்கும்? இன்னைக்கு எனக்கதுதான் அடியில கெடக்கு" என்றாள். "சரியாகத்தான் இருக்கிறது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் காரணம் கேட்பார். சீட்டு இல்லை என்று சொல்வேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தலைமையாசிரியைக்கே இது என்ன குற்றம் என்று ஊர் பேசும். பேசட்டும். டிசம்பரில் பூங்கனியின் பெயரை எழுதுகிற அன்றைக்குத்தான் என் பெயரையும் எழுதுவேன்.

யாருக்கும் சொல்லவில்லை. பூங்கனிக்கும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். அந்தப் பாயில், கிருபை உட்கார்ந்து கோரையைப் பிய்த்த பக்கத்தில், ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.