விசிறியாகிப் போன சட்டம்

மார்ச் 4

வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். மாதம் முடிவதற்குள் குண்டன் வெளியேற வேண்டும், இல்லையென்றால் நான். குண்டன் என் நாய். நோட்டீஸில் 'மேற்படி விலங்கு' என்று போட்டிருக்கிறது. வாசித்துக் காட்டினேன். மேற்படி விலங்கு கொட்டாவி விட்டது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நாய்க்காக வீட்டை விடுவாளா எவளாவது? எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வேலையப் பாரு." நல்ல வேளை, நான் அவனுக்குத் தங்கை, நாய் இல்லை.

மார்ச் 5

குண்டன் குரைப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும்தான். என் கணவர் வேலை முடிந்து வரும் நேரம். அவர் வாசற்படி ஏறும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவான். அவர் செத்துப்போனதை இவனுக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? நான் வர ஏழு ஆகும். அதுவரை குரைக்கிறான்.

சில நாள் எனக்கும் குரைக்கத்தான் தோன்றுகிறது.

மார்ச் 7

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர், வாய் நிறையப் பஞ்சோடு சொன்னார்: கோர்ட்டுக்குக் கீழ்த்தளத்தில் சட்ட நூலகம் இருக்கிறதாம், யார் வேண்டுமானாலும் போகலாமாம், இலவசமாம். மூன்று தடவை சொல்ல வைத்துத்தான் புரிந்தது. பாவம்.

மார்ச் 9

போனேன். நூலகர் அம்மாவிடம் கேட்டேன்: "நாய் வச்சிருந்தா காலி பண்ணச் சொல்லலாமா?"

"நாங்க சட்ட ஆலோசனை சொல்லக் கூடாதும்மா. வாடகைச் சட்டம் நாலாவது அலமாரி."

"நான் ஜெயிப்பேனா?"

"நாலாவது அலமாரி."

கைகாட்டி என்று பேர் வைத்துவிட்டேன். புத்தகம் செங்கல் கனம். ஒரே புழுக்கம் வேறு. பின்னட்டையில் ஒட்டியிருந்த காகிதப் பையில் மெல்லிசாக ஒரு புத்தகம் செருகியிருந்தது. விளம்பரமாக இருக்கும். எடுத்து விசிறிக்கொண்டேன், சுகமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் விசிறி என் கைப்பையில்!

மார்ச் 12

இன்றும் நூலகம் போய் அந்தச் செங்கலைப் படித்து முடித்தேன். நாய் வளர்க்கச் சொந்தக்காரர் எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டுமாம். என்னிடம் ஒரு எழுத்தும் கிடையாது.

மார்ச் 13

அழுதேன்.

மார்ச் 16

ஏதாவது சந்துபொந்து இருக்காதா என்று மறுபடி போனேன். அலமாரியில் புத்தகம் இல்லை. பார்த்தால் வீட்டுச் சொந்தக்காரர், அதே மாடிக்காரர், மேசையில் விரித்து வைத்திருக்கிறார்! அவருடைய வக்கீல் நோட்டீஸ் எழுதியதோடு சரி, போனை எடுப்பதில்லையாம்.

"ஒரு பிரதிதான் இருக்கு. சேர்ந்து படிங்க" என்றது கைகாட்டி.

"அவர் என் எதிரிங்க!"

"மேல கோர்ட்ல எதிரி. இங்க வாசகர்."

போதாக்குறைக்கு மனுஷன் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ளும் சட்டத்தை நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பாத்தீங்களா? எழுத்துல இருக்கணும்" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பையிலிருந்து விசிறியை எடுத்தேன்.

கைகாட்டி ஓடி வந்தது. "அது இங்க உள்ளதாச்சே! புத்தகம் அச்சான பிறகு வந்த திருத்தமெல்லாம் அதுலதான் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தாம்மா படிக்கணும்."

படித்தேன். எழுத்து அனுமதி என்பதையே எடுத்துவிட்டார்கள். நாய் இருப்பது தெரிந்தே ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால், சொந்தக்காரர் பிறகு மறுக்க முடியாது. சட்டத்தால் விசிறிக்கொண்டே தோற்றுப்போனேன் என்று அழுதிருக்கிறேனே, என்னைச் சொல்ல வேண்டும்!

"போன வருஷம் கையெழுத்துப் போட வந்தீங்களே, அன்னிக்கு யாரு உங்க செருப்பைக் கடிச்சுக் குதறினது, ஞாபகம் இருக்கா?"

மாடிக்காரர் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வரவில்லை.

மார்ச் 19

நோட்டீஸ் வாபஸ். அதிலும் 'மேற்படி விலங்கு'தான்.

மார்ச் 27

ஏழு மணிக்குத் தெருமுனையில் திரும்பினேன். குரைக்கும் சத்தம் இல்லை. விஷம் கிஷம் வைத்துவிட்டாரோ? ஓடினேன்.

என் வாசலில், மாடிப்படியின் கடைசிப் படியில் மாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கதவுக்கு உள்ளே, இடுக்கில் மூக்கை வைத்தபடி குண்டன்.

"கத்தாதேன்னு சொல்லலாம்னு இறங்கி வந்தேன். காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்திட்டான். ஏன் ஆறு மணிக்கு மட்டும்?"

"அவர் வர்ற நேரம்" என்றேன்.

மாடிக்காரர் கதவிடுக்கில் தெரிந்த மூக்கைப் பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"நாளைக்கும் ஆறு மணிக்கு இறங்குறேன். சத்தம் தாங்கல, அதுக்குத்தான்."