மைக் அணைக்காத வகுப்பு

என்னங்க,

சோறும் பருப்பும் அடுப்பின் மேல் இருக்கின்றன, சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். நாலு மணிக்குக் குழாய்க்காரர் வருவார். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுங்கள், சின்னவள் பள்ளி விட்டு வந்து வாசலில் நிற்கக் கூடாது.

ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர இன்றுதான் கடைசி நாள். லேப்டாப் மேசையில் திறந்தே கிடக்கிறது, மூடிவிடுங்கள். 'இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றதா?' என்று பத்துக் கேள்விகள் கேட்டிருந்தார்கள். ஒன்பதுக்கு ஆமாம் போட்டேன். அமைதியான இடம் இருக்கிறதா என்பதற்குக்கூட, குழாய் சொட்டச் சொட்ட, ஆமாம்தான். 'வீட்டில் துணை உண்டா?' என்ற இடத்தில் கை நின்றுவிட்டது, படிவம் அப்படியே கிடக்கிறது.

முந்தாநாள் ஆன்லைனில் நடந்த மாதிரி வகுப்பில் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். "நாப்பது வயசுல படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று நீங்கள் கேட்டது அத்தனை பேர் காதிலும் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருப்பேன். டீச்சர் மட்டும், "யாரோட மைக் ஆன்ல இருக்கு?" என்றார். அப்புறம்தான் அணைத்தேன்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஆள் குறைவு, இன்று எனக்கு இரண்டு ஷிப்ட். காத்திருக்க வேண்டாம்.

பி.கு.: பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. புதிய அட்டை உங்கள் சட்டைப் பையில்.

இன்னொன்று: எழுத வேறு தாள் கிடைக்கவில்லை. இது வகுப்புக்காக வாங்கிய நோட்டின் முதல் பக்கம். என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று கேட்டீர்களே, இதைத்தான் கிழித்தேன்.