உங்கள் வீட்டுக்கு வந்துபோன என் மனிதர்

சிஞ்ஞோரா,

வியா மக்வேதாத் தெருவில் நான் இப்போது வேலை செய்யும் வீட்டில் இன்று காலை ஒரு கிண்ணம் நிறைய மந்தரின் என்ற சின்னத் தோடம்பழம் இருந்தது. மற்றப் பழமெல்லாம் முடிந்த பிறகு மாசியில் சியாகுல்லியிலிருந்து வருமே, அந்தப் பழம். வீட்டுக்காரி ஒன்றை உரித்துத் தின்றுவிட்டுத் தோலைக் குப்பையில் போட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்து, சுவரோடு இருக்கும் ஹீற்றரின் மேல் பரப்பி வைத்தேன். என்ன செய்கிறாய் என்று கேட்டாள். வீடு மணக்கும் என்றேன். அவள் அதைத் திரும்பவும் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். அதற்குள் மணம் எழும்பிவிட்டது. நான் குளியலறைக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதே பலெர்மோவில், சீசா என்ற பகுதியில் இருந்த உங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க அந்த மணம்தான். அமெரிக்கக்காரி என்றதும் பெரிய மாளிகை என்று நினைத்துத்தான் வேலைக்கு வந்தேன். வந்து பார்த்தால் லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி, இரண்டு அறை, கால் ஆடும் கதிரை, சுவர் முழுக்கப் புத்தகம். அமெரிக்காவில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்களா என்று மச்சாளிடம் சொல்லிச் சிரித்தேன். மச்சாள் என் கணவரின் தங்கை. அன்றைக்கும் இன்றைக்கும் நானும் அவளும் ஒரே வீட்டில்தான்.

உங்கள் அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் நின்றவர். அம்மா பிறர் வீட்டுத் துணிகளைத் தேய்த்தவர். நீங்கள் டெலிபோன் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டு, வேலைக்குப் போகுமுன் விடிய எழும்பி எழுதி நாவலாசிரியை ஆனீர்கள். பஸ் ஓட்டுபவர், பள்ளிக்கூடத்தில் சமைப்பவர், துணி வெளுப்பவர் என்று இப்படிப்பட்டவர்களைத் தவிர வேறு யாரையும் நீங்கள் எழுதவில்லை. ஒரு காலத்தில் உங்கள் நாட்டில் விரும்பி வாசித்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். கணவர் இறந்ததும் அவருடைய தாயின் ஊர் என்று பலெர்மோவுக்கு வந்து இருந்துவிட்டீர்கள். மறக்கப்பட்டதைப் பற்றி நீங்கள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. எனக்குத்தான் உங்களுக்காக எரிச்சல் வரும்.

நாம் இருவரும் கதைத்தது அரைகுறை இத்தாலியன். எங்கள் ஊரில் அம்மா என்பது போல உங்களைச் சிஞ்ஞோரா என்பேன். உங்களுடையது புத்தகத்தில் படித்தது, என்னுடையது சந்தையில் பொறுக்கியது. நினைவில் ஏனோ நீங்கள் எங்கள் ஊர்த் தமிழில்தான் பேசுகிறீர்கள்.

ஒருநாள் நான் துணி தேய்த்துக்கொண்டு நின்றபோது, "உம்மட மனுசன் எங்கை?" என்று கேட்டீர்கள். சொன்னேன். கிளிநொச்சிப் பக்கம் தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களைத் திருத்துபவர். போர் முடிந்த நாளில், சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ்ஸில் அவரையும் ஏற்றினார்கள். "நீர் முன்னாலை போம், நான் வாறன்" என்றார். அதற்குப் பிறகு அவரைக் கண்டேன் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

வேறு யாராக இருந்தாலும் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். நீங்கள் கேட்டது வேறு. "வேலை முடிஞ்சு வந்து எதாலை கை கழுவுவார்?" மண்ணெண்ணெயால் கழுவி, பிறகு சவர்க்காரம் போடுவார், அப்படியும் சோற்றில் மண்ணெண்ணெய் மணக்கும் என்றேன். இன்னொரு நாள், செருப்பை எங்கே கழற்றுவார் என்று கேட்டீர்கள். எங்கள் ஆட்கள் எல்லோரையும் போல வாசலில்தான், இடது செருப்பு மட்டும் எப்போதும் கவிழ்ந்து கிடக்கும் என்றேன். அவர் செத்தாரா இருக்கிறாரா என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. எங்கள் சனம் என் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்த பிறகுதான் என்னோடு கதை தொடங்கும். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. உங்களுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னது அதனால்தான்.

நீங்கள் அவரை எழுதத் தொடங்கினீர்கள். யாருடைய கதையோ அவர்களுக்கு வாசித்துக் காட்டாமல் மேலே எழுதுவதில்லை என்பது உங்கள் வழக்கம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தட்டுத்தடுமாறி இத்தாலியனில் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். அவர் நடை அப்படியில்லை, கொஞ்சம் வேகம் என்பேன். அடித்துத் திருத்துவீர்கள். உலகத்தில் ஒரு மேசையிலாவது அவருக்கு இடம் இருக்கிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நாள் துணிந்து கேட்டேன். "கடைசியிலை அவர் வீட்டை வாறார் எண்டு எழுதுங்கோ."

நீங்கள் பேனையை வைத்துவிட்டீர்கள். "எனக்குத் தெரியாததை நான் எழுதுறேல்லை."

"கதைதானே, சிஞ்ஞோரா?"

"வந்திட்டார் எண்டு நான் எழுதினால், பிறகு அவரை ஒருத்தரும் தேடமாட்டினம்."

நியாயம்தான். உங்கள் பழைய நாவல் ஒன்றில் துணி வெளுப்பவளின் மகன் திரும்பி வரவில்லை என்று வாசகர்கள் திட்டித் திட்டி எழுதியும் நீங்கள் ஒரு வரி மாற்றவில்லையாம். ஆனால் நியாயம் யாருக்கு வேண்டும்? எனக்கு அவர் வேண்டும். அன்று உங்கள் கோப்பியில் வேண்டுமென்றே சீனி போடாமல் வைத்தேன். நீங்களும் அதைக் கடைசி மிடறுவரை குடித்தீர்கள்.

பிறகு உங்களுக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தீர்கள், பிறகு சொற்களை, பிறகு ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதையே மறந்தீர்கள். நான் முழு நாளும் உங்களோடு இருக்கத் தொடங்கினேன்.

ஒரு காலை நான் பல்கனியில் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது, நீங்கள் கட்டிலில் எழும்பி இருந்து சிரித்தீர்கள். "உம்மட மனுசன் வந்தவர். செருப்பை வாசலிலை கழட்டிப்போட்டு வந்தவர். கையெல்லாம் மண்ணெண்ணெய். சவர்க்காரம் எடுத்துக் குடுத்தனான்."

பலெர்மோவில் யார் வாசலில் செருப்புக் கழற்றுகிறார்கள்? நான் ஓடினேன். கதவைத் திறந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குடையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. நான் சொன்னதைத்தான் நீங்கள் எனக்கே திருப்பிச் சொல்கிறீர்கள் என்று தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் மூன்று மாடியும் இறங்கித் தெருவையும் பார்த்தேன். மூச்சு வாங்க மேலே ஏறி வந்தபோது நீங்கள் என்னைக் கடிந்தீர்கள். "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், இப்பதான் போறார்."

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி வந்தார். நான் கடைக்குப் போனால் வருவார், திரும்புவதற்குள் போய்விடுவார். என்ன சொன்னார் என்று கேட்பேன். வெட்கமில்லாமல் தினமும் கேட்டேன். "உம்மைக் கேட்டவர். பின்னேரம் வாறன் எண்டவர்" என்பீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் இருப்பேன்.

மச்சாளிடம் சொன்னபோது சீறி விழுந்தாள். "மறதிக்காரி சொல்லுறதைப் போய் நம்புறியளோ? உங்களுக்கும் விசரோ?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தாள். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள். "அண்ணர் மெலிஞ்சு போனாரோ, சிஞ்ஞோரா?"

நீங்கள் நன்றாக யோசித்தீர்கள். "ஓம், கொஞ்சம் மெலிவுதான். ஆனா சிரிச்சவர்."

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள்.

ஒரு மத்தியானம், நான் சூப்பை ஊதி ஆற்றிக்கொண்டு இருக்கும்போதே நீங்கள் போய்விட்டீர்கள். மகள் அமெரிக்காவிலிருந்து வந்து உங்களை அடக்கம் செய்தார். நல்ல பிள்ளை, என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். மேசையில் இருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பாதியில் நிற்கிறது, யாரும் புத்தகமாகப் போடமாட்டார்கள்" என்றார். இயந்திரத்தைத் திருத்திவிட்டு என் மனிதர் வயல் வரம்பால் நடந்து வரும் இடத்தில் அது நிற்கிறது. வீட்டுக்கு அவர் இன்னும் வரவில்லை. மகள் தாள்களைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டு பேரும் ஒரே மத்தியானத்தில் போனது போல இருந்தது.

எட்டாம் நாள் நெருங்க மச்சாள்தான் சொன்னாள். "அவவுக்கு இஞ்சை ஆர் இருக்கினம்? நாங்கள் எட்டுச்செலவு செய்வம்." உங்களுக்கு இது தெரியாது. எட்டாம் நாள், போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். என் மனிதருக்கு நாங்கள் அதைச் செய்ததில்லை. செய்யச் சொன்ன சொந்தக்காரரோடு மச்சாள் சண்டை பிடித்துக் கதைபேச்சையே விட்டவள். "உயிரோடை இருக்கிறவருக்கு ஆரும் செலவு செய்வினமோ?" என்று கேட்டுச் சன்னதம் ஆடியவள்.

உங்களுக்குப் பிடித்த பஸ்தா செய்தோம். கண்ணில் நீர் வழியவழிய நீங்கள் சாப்பிடும் எங்கள் மீன்குழம்பும் வைத்தோம். நான் ஒரு இலையைப் போட்டுவிட்டு, கோப்பி எடுக்கக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்து பார்த்தால், அதற்குப் பக்கத்தில் இன்னொரு இலை.

"இது ஆருக்கு?" என்று கேட்டேன்.

மச்சாள் நிமிரவில்லை. இலைக்குத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணரைக் கண்டனான் எண்டு சொல்ல அவ ஒராள்தான் இருந்தவ, மச்சாள். அவவும் போயிட்டா."

சோறு நான்தான் போடவேண்டும் என்றாள். போட்டேன். அவ்வளவு காலமும் வராத அழுகை அப்போது வந்தது. நாங்கள் இருவரும் அந்த இலைகளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் அளவுக்கு ஒப்பாரி வைத்தோம். யாருக்காக எவ்வளவு அழுதோம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மறுநாள் பொட்டு வைக்கவில்லை. மனம் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஆறவில்லை. எதிர்பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு பின்னேரம் எப்படி இருக்கும் என்று இப்போது தினமும் பார்க்கிறேன்.

அவருக்கு ஆண்டுத் திவசம் செய்யும் நேரம் வந்தபோது ஐயர் திதி என்ன என்று கேட்டார். அவர் போன நாள் எங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன நாளைச் சொல்லிவிட்டேன், சிஞ்ஞோரா. என் மனிதருக்கென்று என்னிடம் இருக்கும் நாள் அது ஒன்றுதான்.