மிதுனாவுக்கு இன்று எண்ணெய் கிடையாது

அக்கா,

கோயமுத்தூர் ஜில்லாவிலேயே அறிவியலை முழுசாக நம்புகிற ஒரே ஆள் நான்தான். இதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் மகளை இன்று ஒளி சிகிச்சைக்கு நானே கூட்டிப்போகிறேன். திங்கட்கிழமை, கரப்பானுக்கு நல்லதென்று அவள் உடம்பெல்லாம் காங்கேயத்துச் செக்கு எண்ணெயைப் பூசி அனுப்பினாய். "எண்ணெயோட லைட்டுல நிக்க வெக்க முடியாதுங்க" என்று நர்ஸம்மா திருப்பி அனுப்பிவிட்டார். கறுப்புக் கண்ணாடி மாட்டித் தயாராக நின்ற பிள்ளை, வீடு வருவதற்குள் முழங்கை மடிப்பைச் சொறிந்து ரத்தமாக்கிவிட்டாள். கேட்டால், "ஏங்கண்ணு, நீ பெரிய டாக்டராக்கும்?" என்கிறாய். மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டால் தோல் ஆறிவிடுமாம். அம்மன் என்ன ரசமா வைக்கப்போகிறாள்?

நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறாய், எழுப்பவில்லை. தக்காளிச் சோறு ஹாட்பாக்ஸில். சாவி டிவி பக்கத்தில்.

கவின்

பி.கு.: நானே குளிப்பாட்டினேன். மேலே ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நீயே முகர்ந்து பார்த்திருக்கலாம்.

இன்னொன்று: வர அரை மணி நேரம் தாமதமாகும். போகிற வழியில் மாரியம்மன் கோயிலில் கொஞ்சம் நிற்போம். மிளகு டப்பா காலி, வாங்கி வை.