மீதிக் கனம்

பாப்பா,

இன்றைக்குக் காலையில் கரிமூட்டம் பிரித்தோம். மேல்மண்ணைத் தள்ளியதும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. கருவேல விறகு கரியாகி ஆறின வாசம். உன் நோட்டிலும் அதுதான் அடிக்கும். மம்பட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை பார்த்த பேச்சி மதினிதான் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடி தாயி. பிள்ள நெனப்பா?"

தலையை ஆட்டினேன்.

ஐந்தாவதோடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது. நீ பாதியில் விட்ட பிசிக்ஸ் நோட்டின் கடைசித் தாள்களில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

நீ அருப்புக்கோட்டைக் காலேஜில் படித்தபோது, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மூட்டத்துக்குத்தான் வருவாய். ஒருநாள் உன்னிடம் ஒன்று கேட்டேன். பல வருசமாக எனக்குள் கிடந்த கேள்வி. சிரிப்பார்கள் என்று யாரிடமும் கேட்டதில்லை.

"ஏத்தா, நாலு வண்டி வெறகு அடுக்கி, மண்ணப் பூசி, பொகைய விடுறோம். பிரிச்சா ஒரு வண்டி கரிதான் தேறுது. மீதிக் கனம் எங்கத்தா போகுது?"

மதினி முந்திக்கொண்டாள். "ம்க்கும். எல்லாம் ஒங்கம்மா தலைக்குள்ளதான் ஏறியிருக்கும். அதான் இப்பிடிக் கேக்குறா."

நீயும் சிரித்தாய். ஆனால் என்னைக் கேலி பண்ணவில்லை. "நல்ல கேள்விம்மா" என்றாய். அதுவரைக்கும் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"பொகைக்கும் எடை உண்டும்மா. ஈரமும் பொகையுமா மேல போயிருச்சு. எல்லாத்தையும் பிடிச்சு வச்சு நிறுத்தா சரியா வரும்" என்றாய். பிறகு யோசித்து, "ஒரு துளி மட்டும் கொறையும். வெக்கையாப் போனதுக்கும் கனம் இருக்குல்ல? அந்தத் துளி எந்தத் தராசுலயும் நிக்காது. கனமும் வெக்கையும் வேற வேற இல்லம்மா, ஒண்ணுதான்" என்றாய்.

அன்றைக்கு மூட்டத்தின் மேல் கையை நீட்டி, வெக்கையை ஏந்திப் பார்த்தேன்.

அடுத்த மூட்டம்தான் சாம்பலாய்ப் போனது. உன்னைக் காவலுக்கு வைத்துவிட்டு ரேசன் கடைக்குப் போயிருந்தேன். மண் எங்கே வெடித்தாலும் உடனே ஈரமண்ணை அப்பிவிடு, காற்று உள்ளே போனால் கரி நிற்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். நீ நோட்டில் மூழ்கிவிட்டாய். திரும்பி வந்தால் கண்மாய்க்கரையிலிருந்தே தீ தெரிகிறது.

"ஒரு ஓட்டைய அடைக்கத் தெரியாதவளுக்கு என்னடி படிப்பு" என்று நோட்டைப் பிடுங்கித் தீயில் எறியப் போனேன். தீயைப் பார்த்து ஓடிவந்த மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கரி போனா மறுபடி போடலாம். இதப் போட்டா வருமா?" அந்த நோட்டுதான் இது. அந்தக் கைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் நாம் ரெண்டு பேரும் சாம்பலைக் கிளறினோம். அரைச் சாக்குக் கரி தேறியது. பொறுக்கிக்கொண்டே நீ சொன்னாய்.

"ஆதியிலயும் இப்பிடித்தாம்மா. பொருளும் அதுக்கு எதிர்ப்பொருளும் சோடி சோடியா உண்டாச்சு. ஒண்ண ஒண்ணு தொட்டா ரெண்டும் அழிஞ்சு வெளிச்சமாப் போயிரும். எல்லாமே அப்பிடிப் போயிருக்கணும். நூறு கோடியில ஒண்ணு மட்டும் மிஞ்சிருச்சு. அந்த மிச்சந்தான் நீ, நான், இந்தக் கரி எல்லாம்."

"ஏன் மிஞ்சுச்சு?"

"அது யாருக்கும் தெரியாதும்மா. பெரிய பெரிய ஆளுகளே இன்னும் தேடுறாக."

"அப்ப எனக்கும் அவுகளுக்கும் ஒரே அளவுதான் தெரியுமா?"

"இதுல மட்டும்" என்றாய். ரெண்டு பேரும் கரிமுகத்தோடு சிரித்தோம்.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரு வாரம்கூட உன்னை விட்டுவைக்கவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளையை எரிப்பது நம் வழக்கமில்லை என்று கண்மாய்க்கு மேற்கே புதைத்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் "ஒண்ணுமில்லாமப் போயிட்டாளே" என்று அழுதார்கள். அந்தச் சொல்தான் என்னை ரொம்ப நாள் தின்றது. எரிந்த விறகின் புகைகூட ஒன்றுமில்லாமல் போகாது என்று சொன்ன பிள்ளை நீ. நீயா ஒன்றுமில்லாமல் போவாய்?

உனக்கு முன்னால் என் வயிற்றில் தங்காமல் போனவை ரெண்டு. நீயும் போயிருக்கலாம். மிஞ்சினாய். ஏன் என்று தெரியாது. பத்தொன்பது வருசம் என் பக்கத்தில் இருந்தாய். எதுவுமே இல்லாமல் போயிருக்க வேண்டிய உலகத்தில் எனக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது. குறை சொல்ல வாய் வரவில்லை பாப்பா. கும்பிடத்தான் தோன்றுகிறது.

கடைசி நாள் உன் நெற்றியில் கை வைத்திருந்தேன். மூட்டத்து வெக்கை மாதிரி கொதித்தது. அது குறையக் குறைய என் உள்ளங்கை சூடேறியது. இன்றைக்குக் கரிச்சாக்கை இறக்கிவைத்த பிறகும் அந்தக் கையை என்னால் லேசாகத் தூக்க முடியவில்லை. எந்தத் தராசிலும் நிற்காது என்றாயே, அந்தத் துளிதானா தாயி, இப்படிக் கனக்கிறது?